பூக்க விடாத வேலை

கெலமங்கலம் தாண்டி
ராயக்கோட்டை போகிற சாலையில், இடப்பக்கம்,
இரட்டைக் கதவு வைத்த பசுமைக்குடில்.
முதல் கதவு சாத்தினால்தான் அடுத்தது திறக்கும்.
நடுவில் நிற்கிற அரை நிமிஷம்
நான் எந்த ஊரிலும் இல்லை.

வேலை இதுதான்:
மொட்டைக் கண்டால் கிள்ளு.
புகையிலைச் சாதிச் செடி, முழங்கால் உயரம்.
இலைக்குள் ஒரு வரி சேர்த்து எழுதியிருக்கிறோம்,
மகரந்தம் வெளியேறினால் அந்த வரியும் ஊர் சுற்றக் கிளம்பிவிடும்
என்றார் ஷோபனா மேடம்.
கிள்ளியதை எண்ண வேண்டும், பையில் கட்ட வேண்டும்,
குக்கர் மாதிரி ஒன்றில் வேகவைத்து
நோட்டில் எழுத வேண்டும்:
முனிரத்னா, இரவு ஷிப்ட், நூற்றுப் பதினான்கு.

சிரிப்பு வந்தது.
தளி ரோட்டு ரோஜாப் பண்ணையில் ஒன்பது வருஷம்
பூ எப்போது அவிழும் என்று பார்த்திருக்கத்தான் சம்பளம்.
பிப்ரவரி பிறந்தால் தூக்கம் போச்சு.
அறுபது சென்டிமீட்டர் காம்பு, அடர் சிவப்பு,
யாரோ யாருக்கோ நீட்டுவதற்கு.
இங்கே பூத்தால் மெமோ.

பீடி கூடாது, வாயில் புகையிலை கூடாது.
நம் உடம்புக்காக என்று நினைத்தேன்.
நம் விரலிலிருந்து செடிக்கு நோய் ஒட்டிக்கொள்ளுமாம்.
லோகேசப்பா கேட்டுவிட்டு
கன்னத்தில் அடக்கியதைத் துப்பினார்.
"அதுக்கே அது ஆகாதாமா?"
அன்றிலிருந்து என் சோற்று டப்பாவை அவர் தொடுவதில்லை.
அதை விடவும் இல்லை.

அப்படி என்ன மேடம் அந்த வரி என்று ஒருநாள் கேட்டேன்.
ரத்தம் உறைவதற்கான புரதம் என்றார்.
அது இல்லாமல் பிறக்கிற பிள்ளைகள் உண்டு,
பெரும்பாலும் பையன்கள்.
லேசாக இடித்தாலும் மூட்டுக்குள்ளேயே கசியும்,
வீங்கும், கால் மடங்கிப்போகும்.
ஊசி இருக்கிறது, விலையும் இருக்கிறது.
இது இன்னும் மருந்தில்லை முனிரத்னா,
எலிக்குப் போய்ச் சேரவே வருஷமாகும்.

கையுறையைக் கழற்றி விரல்களைப் பார்த்தேன்.
முள் ஏறாத இடம் எங்காவது இருக்கலாம்.
குத்தும். வாயில் வைத்துச் சப்புவேன். அடுத்த காம்பு.
நின்றதா என்று ஒருநாளும் பார்த்ததில்லை.
நிற்பதும் ஒரு சொத்து என்று
யாரும் எனக்குக் கணக்குச் சொன்னதில்லை.

அந்த வாரம் மண்டியில் தக்காளி
கிரேடு அறுபது ரூபாய்.
ஏற்றுக்கூலிக்கே கட்டவில்லை என்று
என் தம்பி மாதப்பன் டெம்போவோடு கவிழ்த்துவிட்டான்.
பேருந்துகள் ஏறி ஏறிப் போயின.
பாலம் வரைக்கும் சிவப்பு,
ஓரத்தில் வழிந்து சாக்கடைக்குள்ளும்.
"உங்க இலை கிலோ என்ன விலைக்கா?"
கிலோ கணக்கில்லைடா, மில்லிகிராம்.
வண்டிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டான்,
எடுத்தான், மறுபடி போட்டான்.

செவ்வாய்க்கிழமை, இரண்டே முக்கால் மணி.
ஏழாம் வரிசையில்
சொட்டுநீர்க் குழாய்க்குப் பின்னால்
ஒன்று பூத்துவிட்டிருந்தது.
வெள்ளை. நீண்ட கழுத்து. ஐந்து முனை.
முகக்கவசத்தை மூக்குக்குக் கீழே இறக்கினேன்,
அதுவும் தப்புத்தான்.
மெல்லிய வாசனை,
ரோஜாவுக்கு இவ்வளவு வெட்கம் கிடையாது.

பாலக்கோட்டிலோ எங்கேயோ ஒரு பையன்
வாசற்படி இறங்குவதை
அவன் அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள்.
விழட்டும் என்று நினைத்தேன்.
விழுந்து, எழுந்து,
முட்டியைக் குனிந்தும் பார்க்காமல் ஓடட்டும்.

பிறகு கிள்ளினேன்.
பை, முடிச்சு, குக்கர், நூற்றிருபத்தொரு டிகிரி.
நோட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம்.
என்ன எழுத மேடம் என்று போனில் கேட்டேன்.
தூக்கக் குரலில் சொன்னார்:
"கவனக்குறைவுன்னு எழுதிடு."

எழுதினேன்.
செடியுடையதா என்னுடையதா என்று எழுத
கட்டம் இல்லை.